ஒன்று புள்ளி ஐந்து ஒன்று ஆறு

செல்போனைக் கவிழ்த்துத்தான் வைத்திருந்தாள். கவிழ்த்து வைத்தால் மட்டும் அது சும்மா கிடந்துவிடுமா, இன்னும் கொஞ்ச நேரத்தில் மேஜைப் பலகையில் வண்டு மாதிரி உறுமத்தான் போகிறது. தூக்கி ஜன்னல் வழியாக வீசிவிடலாமா என்று வந்தது ஆவுடைக்கு. வீசினால் மெஸ்ஸுக்குப் பின்னால் கழுவிக் கவிழ்த்திருக்கும் அண்டாக்கள் மேல் டங்கென்று விழும், ரீடிங் ஹாலில் இருக்கிற அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள், வார்டன் வருவாள், வேறென்ன நடக்கும்? மணி இரண்டு தாண்டிவிட்டது. இந்நேரம் திருநெல்வேலிக்கு வெளியே பொட்டலில் இருக்கிற அந்த இன்ஜினியரிங் காலேஜில் அண்ணன் பரீட்சை எழுத உட்கார்ந்திருப்பான். சங்கரநயினார். படிப்பு முடிந்து ஒரு வருஷமாகியும் ஒரே ஒரு அரியரை வைத்துக்கொண்டு முழிக்கிறவன். நியூமெரிக்கல் மெத்தட்ஸ். மற்ற எல்லாவற்றையும் எப்படியோ தாண்டிவிட்டான், இந்தக் கணக்குப் பேப்பரில்தான் திரும்பத் திரும்ப விழுகிறான். அதை முடித்தால் ஓசூரில் வேலை, வேலை கிடைத்தால் பொண்ணு, எல்லாம் வரிசையாக நிற்கிறதாம், அம்மா சொல்கிறாள், ஏதோ ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை போனில் அவன் சொன்ன விதம் இருக்கிறதே, கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பால் வாங்கிட்டு வா என்கிற மாதிரி சொன்னான். "ஒண்ணுக்குப் போறேன்னு வெளிய வந்து கொஸ்டின் பேப்பரப் போட்டோ எடுத்து அனுப்புதேன். நீ போட்டு அனுப்பிரு. ரெண்டாவது தடவ போவும்போது பாத்து எழுதிக்கிடுதேன். எங்கூடப் படிச்ச செல்வின் போன வருஷம் அப்பிடித்தான் பாஸ் பண்ணினான்." முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னாளா? இல்லை. "எனக்குப் பரீட்சை இருக்குண்ணே" என்றாள், அவ்வளவுதான், அதையும் யாரோ கேட்கக்கூடாது என்பது போல மெதுவாகச் சொன்னாள். "எனக்கும் பரீட்சதான்ட்டி" என்றான் அவன். அதற்கு அவனே சிரித்துக்கொண்டான். அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள் கிடக்கிறது, குளிக்கும்போது போன தண்ணீர் மாதிரி, தலையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் வெளியே வருவதாக இல்லை.

நாளைக்குப் பத்து மணிக்கு அவளுக்குப் பெத்தாலஜி பரீட்சை, டாக்டர் படிப்பில் நோய்க்கூறு பாடம். முன்னால் சிறுநீரக நோய்கள் திறந்து கிடக்கிறது. இந்தப் பக்கத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பக்கம் சிறுநீரில் புரதம் போகிற கூட்டம், இன்னொரு பக்கம் ரத்தம் போகிற கூட்டம், ஒவ்வொன்றுக்குள்ளும் நாலைந்து வகை, ஒவ்வொரு வகைக்கும் மைக்ராஸ்கோப்பில் இப்படித் தெரியும், அந்தச் சாயம் போட்டால் அப்படித் தெரியும். எதிர்மேஜையில் இருக்கிறவள் நான்கு நிறத்தில் பேனா வைத்துக்கொண்டு கோடு போட்டுத் தள்ளுகிறாள், கோடு போடாத வரி ஒன்றுகூட மிச்சமில்லை, அப்புறம் எதற்குக் கோடு? தூண் பக்கத்தில் ஒருத்தி நின்றுகொண்டேதான் படிப்பாள், உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுமாம். இன்னொருத்தி காதில் வயரை மாட்டிக்கொண்டு எவரோ ஒரு வாத்தியாரின் வீடியோ பாடத்தை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவர் வாய் அதில் கீரிப்பிள்ளை மாதிரி அசைகிறது. பக்கத்து நாற்காலியில் ஜுலைகா. ரூமிலும் அவள்தான் பக்கத்துக் கட்டில். ஒரு வரியைப் படிப்பாள், கண்ணை மூடுவாள், உதட்டை அசைப்பாள், கண்ணைத் திறந்து சரிபார்ப்பாள், அடுத்த வரி. நடுவில் யாராவது கூப்பிட்டால் முதலில் இருந்து தொடங்குவாள். காயல்பட்டினத்தில் சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் வந்த பழக்கம் என்று ஒருநாள் சொன்னாள், அவளுக்கு அது வருகிறது, பதினைந்து பக்கத்தை அப்படியே ஒப்பிக்கிறாள், மார்க்கும் வாங்குகிறாள். ஆவுடைக்கு வரவில்லை. ஒரு வரி உள்ளே போக வேண்டுமென்றால் அது ஏன் அப்படி என்று தெரிந்தாக வேண்டும். ஏன் என்று கேட்டு அதன் பின்னால் போனால் ஒரு மணி நேரம் போய்விடும், அதற்குள் மற்றவர்கள் ஈரலை முடித்துவிட்டு மூளைக்குப் போயிருப்பார்கள். போன இன்டர்னலில் கால் வீக்கம் எப்படி வருகிறது என்ற கேள்விக்கு, புரதம் வெளியே போகிறது, ரத்தத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்க ஆளில்லை, தண்ணீர் கசிகிறது, ரத்தம் குறைந்ததாக நினைத்துச் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கிறது, அதனால் இன்னும் கசிகிறது, என்று அம்புக்குறி போட்டு ஒன்றிலிருந்து ஒன்றாக எழுதி வைத்தாள். தனக்கே பிடித்திருந்தது. பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த மேடம் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அதைத் தூக்கிக் காட்டினார்கள். "இது என்னம்மா, பஸ் ரூட்டா? புத்தகத்தில் என்ன ஹெட்டிங் இருக்கோ, அந்த ஹெட்டிங் போட்டு எழுது. யோசிக்கிறதெல்லாம் பாஸான பிறகு." எல்லோரும் சிரித்தார்கள். ஜுலைகாகூட லேசாகச் சிரித்தாள், அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டாள். பாஸான பிறகு. பாஸான பிறகு யாருக்கு யோசிக்க நேரம்? வார்டில் ஓடுகிறார்களே சீனியர்கள், ஒருத்தர் முகத்திலாவது யோசிக்கிற களை இருக்கிறதா? நாளைக்கு விழுந்தால் ஆறு மாதம் கழித்து அடிஷனல் பேட்ச். பேட்ச் என்றாலே ஒட்டுப்போட்ட துணி. கூடப் படித்தவர்கள் மேலே போய்விடுவார்கள், இவள் மட்டும் ஜூனியர் பெண்களோடு உட்கார்ந்து இதே சிறுநீரகத்தை, இதே பக்கத்தை.

போன் உறுமியது. ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்று. மூன்று படங்கள் அனுப்பியிருப்பான். ஜுலைகா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். எடுக்க மாட்டேன். எடுக்கவே மாட்டேன். ஆவுடை பக்கத்தைத் திருப்பினாள், திருப்பிய பக்கத்தில் ஒரு படம், இளஞ்சிவப்பில் சுருண்டு கிடக்கும் ரத்தக்குழாய்கள். அது என்ன கணக்காக இருக்கும்? எப்படியும் முதல் கேள்வி சமன்பாட்டின் மூலத்தைக் கண்டுபிடிக்கிறதுதான். நியூட்டன் ராப்சன் முறையில் கட்டாயம் ஒன்று வரும், அதைத்தான் போன வாரம் முழுக்க அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். சொல்லிக் கொடுத்தாள்! பிளஸ் டூ முடித்து கவுன்சலிங்குக்குக் காத்திருந்த அந்த வெயில் காலத்தில்தான் அந்தப் புத்தகம் முதன்முதலாகக் கையில் வந்தது. அவனுடைய புத்தகம். அவன் அதைத் திறந்ததே இல்லை, பிரித்தால் முதுகு படபடவென்று உடைந்தது, உள்ளே புதுக் காகித வாசனை. பள்ளிக்கூடத்தில் எல்லாச் சமன்பாடும் சொன்ன பேச்சைக் கேட்கும், இரண்டு காரணியாக உடையும், விடை முழு எண்ணாக வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இந்தப் புத்தகம் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டது, பெரும்பாலான சமன்பாடுகளுக்கு அப்படியெல்லாம் விடை எடுக்க முடியாது என்று. அதைப் படித்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது, பன்னிரண்டு வருஷம் ஏமாற்றியிருக்கிறார்களே என்று. அப்புறம் அந்தப் புத்தகம் சொல்கிறது, முடியாவிட்டால் என்ன, ஒரு இடத்தில் ஊகமாகக் காலை வை, அந்த இடத்தில் சரிவு எந்தப் பக்கம் என்று பார், அந்தச் சரிவிலேயே இறங்கு, இறங்கின இடத்தில் நின்று மறுபடி பார். மூன்றே எட்டில் விடை கிட்டே வந்துவிடுகிறது. ஊகம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவின் குரல்கூடக் கேட்காமல் போட்டுக்கொண்டிருந்தாள், தாள் தாளாக, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டரான அப்பா ஆபீஸிலிருந்து கொண்டுவந்து அடுக்கியிருந்த பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கமெல்லாம். ஒரு ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள், கணக்கு எடுத்துப் படிக்கட்டுமா என்று. அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "கணக்குதானே, அத எப்ப வேணும்னாலும் போட்டுக்கிடலாம். டாக்டர் சீட்டு எப்ப வேணும்னாலும் கெடைக்குமா?" என்றார். அதட்டவில்லை. அடிக்கவில்லை. நல்ல மனுஷன்தான். அதனாலேயே பதில் சொல்ல வாய் வரவில்லை. அதட்டியிருந்தாலாவது திருப்பிக் கத்தியிருக்கலாம். எப்ப வேணும்னாலும். மூன்று வருஷமாகிறது, அந்த எப்பவோ ஒரு நாள் எங்கே? அண்ணனுக்கு அரியர் வருகிற சமயமெல்லாம் வருகிறது அந்த நாள், அவனுக்காக, அவன் தாளில், அவன் பேரில்.

அவனை வெறுத்துவிட்டால் சுலபம். அதுதான் முடிந்து தொலைய மாட்டேன் என்கிறது. நீட் கோச்சிங்குக்கு விடியற்காலையில் தென்காசி பஸ் பிடிக்க வேண்டும், ஒரு வருஷம் முழுக்க அவன்தான் பைக்கில் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து விட்டான், ஐப்பசி மழையில் தன் ரெயின்கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டு நனைந்துகொண்டே ஓட்டினான், பஸ் வரும் வரைக்கும் டீக்கடை ஓலையடியில் நடுங்கிக்கொண்டு நின்றான், ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. அந்த ஒரு வருஷத்தைக் கொண்டுவந்து இப்போது நடுவில் வைத்தால் அவள் என்னதான் பண்ணுவாள்? அவன் வைக்கவில்லை. அம்மா வைத்தாள். "அவன் ஒன்னத் தூக்கிச் சுமந்தானே, அவனுக்கு நீ இதுகூடச் செய்யக் கூடாதா" என்று. அப்படியென்றால் அது சுமந்ததாகிவிட்டது, அண்ணன் தங்கச்சிக்குச் செய்தது இல்லை. செய்ததைத் திருப்பிக் கேட்கிற அன்றைக்கே அது கெட்டுப்போய்விடுகிறது, தெரியவில்லையே இவர்களுக்கு. போன வாரம் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் போனில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஹாஸ்டல் மொட்டை மாடியில் கொடிக்கயிறுகளுக்கு நடுவே நடந்துகொண்டு. மற்றவர்கள் அங்கே மருந்துகளின் பெயரை ஜெபம் மாதிரிச் சொல்லிக்கொண்டு நடந்தார்கள், இவள் காஸ் சைடல் முறையைச் சொல்லிக்கொண்டு நடந்தாள். மூன்று சமன்பாடு, மூன்று தெரியாத எண். முதல் வரியில் எக்ஸ் கிடைத்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்காதே, உடனே அடுத்த வரியில் போடு, பழசைத் தூக்கி எறி. "புதுசு வந்த பெறகு பழச ஏன்ணே போடுதே?" என்று கேட்டால், "ஆங், ஆங்" என்றான். பின்னாலிருந்து கிரிக்கெட் கமென்ட்ரி கேட்டது. அவன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான்! ஆங் ஆங் என்று சொல்லிக்கொண்டு! இவள் இங்கே தொண்டை வற்ற நடந்துகொண்டு, படிக்க வேண்டிய ஈரலையும் இரைப்பையையும் விட்டுவிட்டு! அன்றைக்கே போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. சத்தத்தக் கொறைண்ணே என்று மட்டும் சொன்னாள். எப்பப் பார்த்தாலும் அந்தக் குறைந்த குரல். வகுப்பில் மேடம் பஸ் ரூட்டா என்றபோதும் அதே குரலில்தான் சாரி மேம் என்றாள். தன்னுடைய அந்தக் குரலைப் பிடித்து ஒரு அறை விடலாமா என்றிருந்தது.

போனை எடுத்துத் திருப்பினாள். பார்க்கத்தானே, பார்த்தால் என்ன. முதல் படம் ஆடிப்போயிருந்தது, பாத்ரூம் டைல்ஸ் ஓரத்தில் கேள்வித்தாள், ஈரமான கட்டைவிரல் ஒன்று. இரண்டாவது தெளிவாக இருந்தது. எக்ஸின் முப்படி, கூட்டல் எக்ஸ், கழித்தல் ஐந்து, சமம் பூஜ்யம். நான்கு தசமம் வரைக்கும். அட, இவ்வளவுதானா, இதற்கா பாத்ரூம் வரை போனான். ஒன்று போட்டால் குறை, இரண்டு போட்டால் கூட, நடுவில் எங்கோ இருக்கிறது. ஒன்றரை போட்டால்? மூன்றே முக்கால் அரைக்கால்... இல்லை, மூன்றேகால் அரைக்கால், அதோடு ஒன்றரை, ஐந்தைக் கழித்தால் அரைக்கால் மட்டும் குறைகிறது. என்ன பக்கத்தில் நிற்கிறது! கை தானாகச் சிறுநீரக நோட்ஸ் தாளைத் திருப்பிப் போட்டது. சரிவு ஏழேமுக்கால். அரைக்காலை ஏழேமுக்காலால் வகுக்க வேண்டும், கால்குலேட்டர் வேண்டாம், மேலும் கீழும் எட்டால் பெருக்கு, அறுபத்திரண்டில் ஒன்று. அறுபத்திரண்டில் ஒன்று! எவ்வளவு சுத்தமாக வந்து நிற்கிறது பார். வகுத்தாள், நீள வகுத்தலாகவே, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று ஆறு ஒன்று இரண்டு ஒன்பது. ஒன்றரையோடு சேர்த்தாள். மறுபடி முப்படி, பெருக்கல் வளர்ந்து தாளின் ஓரம் வரை ஓடியது, இந்தத் தடவை துளியூண்டு கூடிவிட்டது, ஆயிரத்தில் ஒன்று, அதையும் சரிவால் வகுத்துக் கழித்தாள். ஒன்று புள்ளி ஐந்து ஒன்று ஆறு. நாலாவது இடத்தில் பூஜ்யம். அதைத் திரும்பச் சமன்பாட்டில் வைத்துப் பார்த்தாள். கிட்டத்தட்ட பூஜ்யம். மூச்சை விட்டாள். அப்போதுதான் இவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அடுத்த படம். மூன்று சமன்பாடு, ஆஹா, காஸ் சைடலேதான், வேண்டுமென்றே வரிசையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அப்படியே போட்டால் எண்கள் குதிரை மாதிரித் தாறுமாறாக ஓடிவிடும், நயினார் அப்படியேதான் போடுவான், போட்டுவிட்டுத் தலையைச் சொறிவான். எந்த வரியில் எக்ஸ் பெரிதோ அதை மேலே கொண்டுவா, ஒய் பெரிதை நடுவில். இப்போது போடு. முதல் சுற்றில் சுமாராக வந்தது, இரண்டாவதில் நெருங்கியது, நாலாவது சுற்றில் ஒன்று, இரண்டு, கழித்தல் ஒன்று என்று மூன்றும் வந்து அமர்ந்துவிட்டன. மின்விசிறி தாளைத் தூக்கியது, முழங்கையால் அழுத்திக்கொண்டாள். ஐந்து கேள்வி. ஐந்தையும் போட்டாள். ஹாலில் யார் போனார்கள், யார் வந்தார்கள், தெரியாது. ஜுலைகா தோளைத் தொட்டு, "என்ன ஆவுடை, சிரிச்சிட்டிருக்க?" என்று கிசுகிசுத்தபோதுதான் தான் சிரித்துக்கொண்டிருந்ததே தெரிந்தது. முகம் சுருங்கிவிட்டது. ஏதோ திருட்டில் பிடிபட்ட மாதிரி.

சிரித்துக்கொண்டிருந்தாளா? எத்தனை மாதமாயிற்று படித்துக்கொண்டே சிரித்து? இவளை இவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய் எங்கோ வைத்திருக்கிறார்கள், ஒரு மணி நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் அடுத்தவன் பாத்ரூமில் போய்ப் பார்த்து எழுதுவதற்காக. தாளைப் போட்டோ எடுத்தாள். அண்ணன் பெயரைத் தொட்டாள், படம் போக வேண்டிய இடத்தில் வந்து நின்றது, இன்னும் ஒரே ஒரு தட்டு. அடியில் அவனுடைய செய்தி வந்து விழுந்தது. சீக்கிரம். அதற்கு அடியில் இன்னொன்று. ஏட்டி. அதற்கு அடியில், இன்னும் அரை மணிதான் இருக்கு. தட்டிவிடலாம். அவன் எழுதுவான், பாஸாவான், ஓசூர் போவான், அம்மா சர்க்கரைப் பொங்கல் வைப்பாள், என் பிள்ளை கஷ்டப்பட்டுப் படிச்சான் என்று கோவிலில் எல்லோரிடமும் சொல்வாள். அந்த அறுபத்திரண்டில் ஒன்று அவனுக்குத் தெரியுமா? ஏன் வரிசையை மாற்றினோம் என்று தெரியுமா? தெரிந்துகொள்ளத் தேவையே இல்லையே. தப்பு, சரி, பரீட்சையில் காப்பியடிப்பது குற்றம், அதெல்லாம் அவளுக்கு ஞாபகமே வரவில்லை. இது என்னுடையது என்பதுதான் வந்தது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டீர்கள், சரி, எடுத்துக்கொள்ளுங்கள், இதை நான் போட்டேன், இது எனக்கு வந்தது, இதைத் தர மாட்டேன். மழையில் நனைந்த அந்தச் சட்டை முதுகு ஒரு கணம் கண்முன் வந்தது, போ, போ, அதற்கு வேறு என்ன வேண்டுமானாலும் செய்கிறேன், ரத்தம் வேண்டுமா, கிட்னி வேண்டுமா, தருகிறேன், இதைத் தர மாட்டேன். படத்தை அழித்தாள். போனைக் கவிழ்த்தாள்.

ஐந்து மணி ஆன பிறகும் சிறுநீரகத்தில் ஒரு வரி நகரவில்லை. போன் உறுமியது. இந்தத் தடவை நிற்காமல் உறுமியது. வராந்தாவுக்கு வந்து எடுத்தாள்.

"ஏட்டி, செத்தா போயிட்டே?" நயினாரின் குரலில் தெருவும் லாரியும் கலந்து கேட்டன. "மூணு தடவ வெளிய போயிட்டேன். ஹால் சூப்பர்வைசர் வயித்துப்போக்கான்னு கேக்கான். பாதிப் பேப்பர வெறுமையாக் குடுத்துட்டு வந்திருக்கேன். போட்டோ வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"பின்ன? தெரியலயா கணக்கு?"

"தெரிஞ்சுது. அஞ்சையும் போட்டேன்."

ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"போட்டியா? போட்டுட்டு அனுப்பலையா?"

"அனுப்பல."

"ஏன்?"

ஏன் என்று அவன் வாயிலிருந்து வருகிறது, அவள் வாழ்க்கையில் இத்தனை நாள் கேட்டுக்கேட்டு உதை வாங்கிய அந்த வார்த்தை. சொல்ல எவ்வளவோ இருந்தது. "நீ மேட்ச் பாத்துட்டிருந்தண்ணே" என்றாள். "நா தொண்டத்தண்ணி வத்தச் சொல்லிட்டிருந்தேன், நீ மேட்ச் பாத்துட்டிருந்தே. ஒனக்கு எதுக்கு நா போட்ட கணக்கு? போட மாட்டேன், இல்ல, போடுவேன். ஒனக்கு இல்ல." குரல் வராந்தா முழுக்க எதிரொலித்தது. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். குறைக்கத் தோன்றவில்லை.

"திமிரு" என்றான். "டாக்டர் திமிரு." வைத்துவிட்டான்.

அடுத்த நிமிஷம் அம்மா. அம்மா அழுதாள், வேலை தருகிறேன் என்ற ஓசூர்க்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றாள், கூடப்பிறந்தவனைக் கழுத்தை அறுத்துட்டியே என்றாள், நீ இப்பிடிப் பேசுற பிள்ள இல்லையே, அங்க எவ ஒனக்குச் சொல்லிக் குடுக்கா என்றாள். சுவரில் பல்லி ஒன்று குழல் விளக்கு எரிவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. "வச்சிரும்மா, படிக்கணும்" என்றாள். அம்மா வைக்கவில்லை. போன் கை மாறும் சத்தம் கேட்டது. அப்பா தொண்டையைச் செருமினார். அவர் போனில் பேசுவதே கிடையாது, சௌக்கியமா என்று அம்மாவிடம் கேட்கச் சொல்வதோடு சரி.

"ஏம்மா. அஞ்சும் போட்டியாமே."

"ஆமாப்பா."

"சரியா வந்துச்சா?"

அவள் தயாராக வைத்திருந்த பதில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. "வந்துச்சு."

"சரின்னு எப்பிடித் தெரியும்? விடை யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டாம்ப்பா. வந்த எண்ணத் திரும்ப அந்தச் சமன்பாட்டுலயே போட்டுப் பாத்தாத் தெரிஞ்சிரும்."

"ஓ." அவர் அதை யோசிப்பது கேட்டது. யாராவது யோசிக்கும்போது இப்படித்தான் இருக்கும் போல, வெறும் மூச்சு. பின்னால் அம்மா ஏதோ சொன்னாள், அவர் சும்மா இரு என்றார். "அவன்ட்ட நா பேசிக்கிடுதேன்" என்றார். "ஒனக்கு எப்பப் பரீட்ச?"

"நாளைக்கு."

"நாளைக்கேவா?" மூன்று வருஷத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி, சரியாக வந்ததா என்று, அதை இவ்வளவு லேட்டாகவா கேட்பது, இவ்வளவு லேட்டாகக் கேட்டுவிட்டு அதற்கு நான் அழ வேறு செய்யணுமா? அழுகை வந்துவிடும் போல் இருந்தது, அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "வைக்கேன்ப்பா" என்று வைத்தாள். பின்னங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குள் வந்து நாற்காலியை இழுத்தாள், கிறீச்சென்று இழுத்தாள், யார் வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கட்டும்.

"என்ன ஆச்சு?" என்றாள் ஜுலைகா.

"ஒண்ணுமில்ல. நீ கேளு. சிறுநீரகத்துல எது வேணும்னாலும் கேளு."

ஜுலைகா அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு புத்தகத்தைப் புரட்டினாள். "காலையில எழுந்திரிச்சதும் கண்ணு கிட்ட வீங்குது. சாயங்காலம் கால் வீங்குது. ஏன்?"

"ராத்திரி படுத்துக் கிடந்தா தண்ணி எங்க போகும்?" என்று ஆரம்பித்தாள் ஆவுடை. தலைப்பு எதுவும் போடவில்லை. ஒன்றிலிருந்து ஒன்றாக, ஏன் ஏன் என்று தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டு போனாள், நடுவில் ஒரு இடத்தில் தப்பாகிவிட்டது, நில்லு என்று தன்னையே நிறுத்திப் பின்னால் போய்த் திருத்திக்கொண்டு மறுபடி வந்தாள். குரல் ஏறிக்கொண்டே போனது. தூண் பக்கத்தில் நின்றிருந்தவள் உஷ் என்றாள். எதிர்மேஜைக்காரி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். உஷ் என்று மறுபடியும் சத்தம் வந்தது, இந்தத் தடவை இரண்டு பக்கமிருந்தும். ஆவுடை நிறுத்தவில்லை. "அடுத்தது" என்றாள், "அடுத்தது கேளு."